டிராயரில் கிடந்த பழனிச்சாமி

போன வாரம் எங்கள் கிளினிக்கிலிருந்து சின்னாளப்பட்டிக்கு ஒரு போன் போனது. பேசியவர் எங்கள் நர்ஸ் பாண்டியம்மா. எடுத்தவர் அங்கே சேலைக்கடை வைத்திருப்பவர்.

"அண்ணே, டாக்டர் அமலதாஸ் கிளினிக்ல இருந்து பேசுறேன். உங்க ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்திருச்சு. சுகர் ரொம்பக் கூட இருக்கு. நாளைக்கே வந்து டாக்டரைப் பாத்துருங்க."

அந்தப் பக்கம் குரல் ஏறியது.

"யாருகிட்ட? அடுத்து ஓடிபி கேப்ப, அதானே? சொல்ல மாட்டேன், வையி போனை!"

பாண்டியம்மா மறுபடியும் அடித்தார். மூன்றாவது தடவை நம்பரையே பிளாக் செய்துவிட்டார் மனிதர்.

மறுநாள் காலையில் அவரே நேரில் வந்து நின்றார். சுகருக்காக இல்லை. டாக்டரை எச்சரிக்க!

"டாக்டர், உங்க பேரைச் சொல்லி ஒரு பொம்பளை ஊரை ஏமாத்திக்கிட்டுத் திரியுறா. போலீஸ்ல சொல்லி வைங்க."

அந்தப் 'பொம்பளை' பக்கத்திலேயே பிபி மிஷினோடு நின்றுகொண்டிருந்தார். "அது நாந்தேன்ணே" என்றார்.

கடைக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "ஆஸ்பத்திரில இருந்து எப்பம்மா நமக்குப் போன் பண்ணியிருக்காக? நாமதான வந்து வந்து கேக்கணும்?"

உண்மைதானே? உங்களுக்கு எந்த டாக்டராவது அவராகப் போன் செய்து, 'உன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன், உடனே கிளம்பி வா' என்று சொல்லியிருக்கிறாரா?

எங்கள் கிளினிக்கிலும் ஒரு காலத்தில் யாரும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறோம். அதற்குக் காரணம் பழனிச்சாமி என்று ஒருவர்.

'எங்கள் கிளினிக், எங்கள் கிளினிக்' என்கிறாளே, இவளுக்கு ஏது கிளினிக் என்று இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்கள் யோசிக்கலாம். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஒரு கல்லூரி ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜாதி.

எல்லாம் நானாக இழுத்துவிட்டுக்கொண்டதுதான்.

காய்ச்சலோடு ஒரு கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்ததை முன்பு இங்கே எழுதியிருந்தேன். ஓடாத மூலை ஃபேன், வரிசையே இல்லாத கூட்டம், 'செத்த நேரம் இருங்க' என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாத ரிசப்ஷன்... பேர் போடவில்லை. ஊர்கூடப் போடவில்லை. ரொம்ப சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகை வந்த அன்று காலையிலேயே போன்.

"மேடம், அமலதாஸ் பேசுறேன். நீங்க எழுதினது என் கிளினிக்தானே?"

'பொதுவா எழுதினது டாக்டர்...' என்று இழுத்தேன்.

"மழுப்பாதீங்க. அந்த மூலை ஃபேன் ஓடாதுன்னு திண்டுக்கல்லுக்கே தெரியும். நீங்க எழுதினது அம்புட்டும் சரி. சரின்னு எனக்கும் தெரியுது, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எழுதிட்டுப் போயிட்டா ஆச்சா? வந்து சரி பண்ணிக் கொடுங்களேன்."

போனேன்.

டாக்டர் அமலதாஸுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கிளினிக். ஒரு காலத்தில் தெருமுனை வரைக்கும் கூட்டம் நிற்குமாம். இப்போது ஊரில் கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஆனால் விசித்திரம் என்னவென்றால், கூட்டம் குறைந்தும் காத்திருக்கும் நேரம் குறையவில்லை. அவருக்குத் துணையாக இருந்த டாக்டர் சுகந்தி — முப்பத்தைந்து வயது, வேகமான கை, அதைவிட வேகமான வாய் — மதுரையில் வேலை பார்த்து வைத்துவிட்டார். 'இந்த மாசமா, அடுத்த மாசமா' என்பதுதான் பாக்கி.

"இப்படியே போனா பூட்டிட வேண்டியதுதான் மேடம்" என்றார் அமலதாஸ். சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் களத்தில் குதித்தேன். முப்பது வருடம் ஆபீஸை மேய்த்தவள் இல்லையா? வெள்ளையடித்தேன். மூலை ஃபேனை மாற்றினேன். உடைந்த பெஞ்சுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வரிசையாக நாற்காலி வாங்கிப் போட்டேன். 'அமைதி காக்கவும்', 'வரிசையில் வரவும்', 'செல்போனில் பேசாதீர்' — சுவர் முழுக்க போர்டு. கடைசியாக ஒரு டோக்கன் மிஷின். சிவப்பு எழுத்தில் நம்பர் வரும். ஒரு பெண் குரல் கூப்பிடும்.

நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? காலையிலேயே வந்து ஒரு வீட்டுக்கு நாலு டோக்கன் எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய்விட்டார்கள். பெண் குரல் 'பன்னிரண்டு... பன்னிரண்டு...' என்று கத்திக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு எங்கேயோ தக்காளி வாங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதம் ஓடியது. சுவர் பளபளவென்று இருந்தது. கூட்டம் அப்படியேதான் தேய்ந்தது. சுகந்தி ராஜினாமா கடிதமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் மதியம். கிளினிக் மூடியிருக்கிற நேரம். நான் அடுத்த போர்டுக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மா பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக அங்கே இருப்பவர். அந்த இரண்டு மாதத்தில் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஏதோ தோன்றி, "ஏன் பாண்டியம்மா, இந்த இடத்துல எதைச் சரி பண்ணணும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

பஞ்சைக் கீழே வைத்தார். "நெசமாத்தேன் கேக்குறீங்களா?"

"நிஜமாத்தான்."

"நீங்க வாசல்ல இருந்து பாக்குறீங்கம்மா. நான் உள்ளுக்குள்ள இருந்து பாக்குறேன்" என்றவர், எழுந்து போய் டாக்டர் அறையை ஒட்டிய மேஜையின் டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார்.

மூன்று டிராயர். மூன்றிலும் லேப் ரிப்போர்ட் கவர்கள். திணித்துத் திணித்து வைத்ததில் மூன்றாவது டிராயர் பாதிதான் திறந்தது.

"டெஸ்ட் எழுதிக் குடுப்பாரு. ரிப்போர்ட் மறுநாள் வரும். அந்த ஆளு திரும்பி வந்தா எடுத்துப் பாப்பாரு. வரலேன்னா... இங்கனதேன் கெடக்கும். மூணு தடவை சொல்லிட்டேன்மா. 'வரட்டும் பாண்டியம்மா, வந்தா பாத்துக்கலாம்'னாரு. அதுக்கப்புறம் நானும் வாய மூடிக்கிட்டேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. திரும்பி வராதவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தமா?

கவர்களைத் தரையில் கொட்டிப் பிரிக்க ஆரம்பித்தோம். சாப்பிட்டுவிட்டு வந்த சுகந்தி, "என்ன மேடம், குப்பை பொறுக்குறீங்களா?" என்று கேலி செய்தார். பிறகு அவரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். பெரும்பாலும் எல்லாம் ஒன்றுமில்லாத ரிப்போர்ட்கள்தான். ஒரு காகிதத்தில் மட்டும் சுகந்தியின் கை நின்றது. திரும்பப் படித்தார்.

"இந்தப் பழனிச்சாமி எப்ப வந்தார்?"

பாண்டியம்மா அவருடைய சீட்டைத் தேடி எடுத்தார். ஐந்து வாரத்துக்கு முன்னால். முட்டி வலி என்று வந்த விவசாயி, வயது ஐம்பத்தாறு. டாக்டர் வலி மாத்திரை எழுதி, ரத்த டெஸ்ட்டும் எழுதியிருக்கிறார். மறுநாள் வந்த ரிப்போர்ட்டில், சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பது பளிச்சென்று இருந்தது. அப்படிப்பட்டவருக்கு அந்த வலி மாத்திரை ஆகவே ஆகாதாம். அவர் சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்...?

சுகந்தி பாதியிலேயே எழுந்துவிட்டார்.

உள்ளே சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த அமலதாஸை எழுப்பினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு சீட்டில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"போன் போடுங்க" என்றார்.

போட்டோம். போகவில்லை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. ரிசப்ஷன் அவசரத்தில் ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. ஊர் பெயர் மட்டும் இருந்தது. தொப்பம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமம்.

இந்த இடத்தில் நான் சொன்ன ஒன்றை எழுதாமல் தாண்டிவிடலாம். ஆனால் எழுதத்தான் வேண்டும்.

"யாரையாவது அனுப்பி, சும்மா ஒரு செக்கப்னு கூட்டிட்டு வரச் சொல்லலாமே டாக்டர்? ரிப்போர்ட் வந்த தேதியெல்லாம் எதுக்கு..."

ஆபீஸ் புத்தி. பைலில் தேதி மாற்றிப் பழகிய புத்தி. சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அமலதாஸ் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். "சுகந்தி, சாயங்கால பேஷன்ட்ஸ் உங்க பொறுப்பு. மேடம், பாண்டியம்மா... கார்ல ஏறுங்க."

ஒட்டன்சத்திரம் வழியாகக் கார் பறந்தது.

பழனி சுற்றுவட்டாரத்தில் போய்ப் பழனிச்சாமி வீடு எது என்று கேட்பதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா? டீக்கடையில் கேட்டோம்.

"எந்தப் பழனிச்சாமிங்க? ஊருக்குள்ள ஒம்பது பேரு இருக்கறாங்க. இவரும் பழனிச்சாமிதானுங்க" என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவரைக் காட்டினார் ஒருவர்.

"முட்டி வலி" என்றார் பாண்டியம்மா.

"அட, முருங்கைத் தோட்டத்துக்காரருங்களா! அப்பிடிச் சொல்லுங்க."

தோட்டத்தை ஒட்டித்தான் வீடு. பழனிச்சாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்கே தெரிந்தது என்றால் டாக்டருக்குத் தெரியாதா?

"டாக்டருங்களா! வாங்க, வாங்க" என்று எழுந்திருக்கப் பார்த்தார் பழனிச்சாமி. உள்ளேயிருந்து அவர் மனைவி சரஸ்வதி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். "ஏனுங்க, டாக்டரே வூடு தேடி வந்திருக்கீங்க... என்னாச்சுங்க?"

"அந்த மாத்திரை இன்னும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார் அமலதாஸ்.

"தெனமும் ரெண்டுங்க. அருமையான மாத்திரைங்க. வலியே இல்லீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக்கூடச் சொல்லிவுட்டேனுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார் அந்த மனிதர்.

அமலதாஸ் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். உங்கள் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது. அது உங்கள் ரிப்போர்ட்டில் இருந்தது. ரிப்போர்ட் ஐந்து வாரமாக என் டிராயரில் இருந்தது. நான் பார்க்கவில்லை. மாத்திரை எழுதியதும் நான்தான். தப்பு என்னுடையது. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நானே கூட வருகிறேன்.

சரஸ்வதிதான் பேசினார்.

"பெரிய டாக்டருன்னு நம்பித்தானுங்க, ரெண்டு பஸ்ஸு மாறி வந்தம்? முட்டி வலின்னு வந்த மனுசனுங்க! ஒரு காயிதத்தப் பாக்கறதுக்கு உங்களுக்கு நேரமில்லீங்களா?"

"நேரம் இருந்துச்சும்மா" என்றார் அமலதாஸ். "பார்க்கல."

எத்தனையோ பேர் சாக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே வண்டி வண்டியாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைப் பதிலைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கம்பக்கத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் டாக்டரின் சட்டையைப் பிடிக்கிற தூரத்துக்கு வந்தார். பழனிச்சாமிதான் கையை நீட்டித் தடுத்தார்.

"உடுங்க மாப்ள. ஒளிச்சு வெக்காம வந்து சொல்றாரல்ல... சரசு, துணிமணி எடு. போலாம்."

கோயமுத்தூருக்குப் போனோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார் பழனிச்சாமி. வலி மாத்திரையை நிறுத்தியதே பாதி வைத்தியம் என்றார்கள். டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. ஆனால் பழையபடி முழுசாகத் திரும்பாது, உப்பைக் குறைத்து, மாதம் ஒருமுறை ரத்தம் பார்த்து, பத்திரமாக ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முன்பு விடிந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும் தோட்டத்தில் நின்றவர், இப்போது மதியத்தோடு திரும்பிவிடுகிறார். (பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் பிடித்து டெஸ்ட் எடுத்தோம். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.)

ஊருக்குத் திரும்பியதும் ஆளாளுக்கு டாக்டருக்குப் புத்தி சொன்னார்கள். ஒரு வக்கீல் நண்பர் கோபித்தே கொண்டார். 'தானாப் போய் யாராவது ஒத்துக்குவானா? நாளைக்குக் கேஸ் போட்டா?' விஷயம் வெளியே பரவி, சில வாரம் கிளினிக்கில் ஈ ஓட்டினோம். டோக்கன் மிஷினில் பன்னிரண்டு என்ற நம்பர் வருவதே அபூர்வமாக இருந்தது.

அந்த ஆளில்லாத நாட்களில்தான் உண்மையான வேலை நடந்தது.

நான் போர்டு எழுதுவதை நிறுத்தினேன். கேட்க ஆரம்பித்தேன். பாண்டியம்மாவை, ரிசப்ஷன் பெண்ணை, கூட்டிப் பெருக்குகிறவரை, வாசலில் காத்திருப்பவர்களை. மூன்று டிராயர்களையும் கழற்றியே எடுத்துவிட்டோம். இப்போது அந்த மேஜையில் ஒரு தட்டுதான். மாலை கிளினிக் திறப்பதற்கு முன்னால் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார வேண்டும். பாண்டியம்மா ஒவ்வொரு ரிப்போர்ட்டாக எடுத்துப் பெயரை வாசிப்பார். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கோளாறு இருந்தால் அங்கேயே போன். தட்டு காலியாகாமல் முதல் பேஷன்ட் உள்ளே போகக் கூடாது. போன் நம்பரை வாங்குகிறபோதே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். இது ரிசப்ஷன் பெண்ணின் யோசனை. எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் வாரம் அமலதாஸ் நெளிந்தார். வாட்ச்சைப் பார்த்தார். ஒருநாள், மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்தேவிட்டார்.

பாண்டியம்மா கதவை மறித்து நின்றார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. "டாக்டர், இன்னும் ரெண்டு கெடக்கு."

அமலதாஸ் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ... திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சுகந்தி தன் ராஜினாமா கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் போறதா இருந்ததுக்குக் காரணம் சம்பளம்னு நினைச்சீங்களா மேடம்? நானும் நாலு வருஷமா எத்தனையோ சொல்லிப் பாத்துட்டேன். காதுலயே வாங்கல. இப்ப வாங்குறார்" என்றார். சுகர், பிபிக்கு மாதாமாதம் வருகிறவர்களைக் காலையில் நேரம் கொடுத்து வரச் சொல்லலாம் என்பது அவருடைய அடுத்த யோசனை. மாலைக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. காத்திருக்கிற நேரமும்தான். டோக்கன் மிஷினின் பெண் குரலுக்கு நிரந்தர ஓய்வு கொடுத்துவிட்டோம்.

கூட்டம் மெல்ல மெல்லத் திரும்புகிறது. பழையபடி தெருமுனை வரைக்கும் இல்லை. பூட்டுகிற பேச்சு இப்போது இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "போன தடவை கேக்காம எழுதுனீங்க. இப்பக் கேக்குறீங்க. உங்ககிட்டயும் முன்னேற்றம் தெரியுது" என்றார். பழனிச்சாமியும் சம்மதித்தார். மற்றவர்கள் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சரஸ்வதியிடம் கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் மாதாமாதம் கணவரைக் கூட்டிக்கொண்டு வருவார். பாண்டியம்மாவிடம் பேசுவார். சுகந்தியிடம் பேசுவார். அமலதாஸிடம் அவராக ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டர் கேட்கிற கேள்விக்கு, சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். ஒருநாள் நான், "இன்னும் கோபமா இருக்காங்களே டாக்டர்" என்றேன். "இருக்கட்டும் மேடம். அவங்க கோபத்தை ஆத்துறதுக்காகவா நான் அங்க போனேன்?" என்றார்.

சென்ற மாதம் சரஸ்வதி தன் தங்கையையும் கூட அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஓயாத தலைசுற்றல். எங்கள் ஊருக்கு வருகிற வழியில் எத்தனை ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன! அத்தனையையும் தாண்டித்தான் கூட்டி வந்திருந்தார். அமலதாஸ் பார்த்து முடித்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போன சரஸ்வதி, நின்றார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக டாக்டரை நேருக்கு நேர் பார்த்தார்.

"ரிப்போர்ட்டு வந்தா ஒழுங்காப் பாருங்க."

"சரிங்கம்மா" என்று எழுந்து நின்றார் அமலதாஸ்.

இந்தக் கிளினிக்குக்கு வந்ததிலேயே ஆகப் பெரிய நற்சான்றிதழ் அதுதான்... என்ன, ஃபிரேம் போட்டு மாட்ட முடியாது!